குண்டு விழுந்த எல்லை

கடலூர்க்காரர்களுக்குக் குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் பழகிப்போன பெயர்கள். ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கும் இடங்கள். அந்தக் 'குண்டு' எங்கிருந்து வந்தது என்று நானும் வெகுகாலம் யோசித்ததில்லை. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்தே விற்பனை. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரைக்கும் கம்பெனியின் எல்லை. அதற்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள். அந்தக் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

அந்த எல்லைக்குள் இருந்த பெண்கள் அன்று காலை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எந்தக் கம்பெனிக் குறிப்பும் எனக்குச் சொல்லவில்லை. உப்பு வாரிக்கொண்டிருக்கலாம், நெல் குத்திக்கொண்டிருக்கலாம். வானத்தில் ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு அவர்கள் வேறொரு சட்டத்தின் குடிகள்.

இந்தக் கதையை நான் அண்மையில் சொன்னது என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த ஒரு மாணவியிடம். முதுநகர்ப் பெண். அம்மா துறைமுகத்தில் கருவாடு காயவைத்து விற்பவர். சிதம்பரத்தில் எங்களிடம் படித்து முடித்து, விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டமும் முடித்துவிட்டாள். நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"ஆர்மிக்கு அம்மா. ஆனா துப்பாக்கி தூக்குற வேலை இல்ல. லா ஆபீசர். ஜாக்-னு சொல்வாங்க."

ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் துறை. இராணுவத்தின் சட்டத்துறை. தேர்வானால் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி, அதன் பிறகு லெப்டினன்ட். அந்த வீட்டில் இதுவரை யாரும் வாங்கியிராத சம்பளம். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். உடனே அவள் கேட்டாள்: "இது நல்ல வேலைதானேம்மா? நீங்க சொல்லுங்க."

நான் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்தேன். மறுப்பதற்காக இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் படித்ததும் யோசித்ததுமே இந்தக் கட்டுரை.

*

முதலில் அவள் பக்கத்து நியாயம். இந்திய இராணுவம் மருத்துவமும் செவிலியமும் அல்லாத பிரிவுகளில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது 1992இல். அப்போது திறந்த சில கதவுகளில் சட்டத்துறையும் ஒன்று. ஓய்வுபெறும் வரை பணியில் நீடிக்கும் நிரந்தர ஆணை 2008இல் கிடைத்தது. அப்போதும் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. ஒரு தேர்வில் ஆண்களுக்கு 6 இடம், பெண்களுக்கு 3 இடம் என்று பிரித்தார்கள். அதிக மதிப்பெண் பெற்ற பெண்கள் வெளியே நிற்க, குறைந்த மதிப்பெண் பெற்ற ஆண்கள் உள்ளே போனார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையைச் செல்லாது என்றது. தகுதிப் பட்டியல் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் ஆண் பெண் என்று கோடு கிழிக்கக் கூடாது என்றது.

இதைப் பெண்ணியத்தின் வெற்றி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு பெண்ணுக்கு உரிய நாற்காலியை ஆண் என்பதற்காகவே இன்னொருவருக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கே உடைந்தாலும் அது நமக்கு நல்லது. ஆனால் நாற்காலி கிடைத்த பிறகு இன்னொரு கேள்வி வருகிறது. அந்த நாற்காலிக்கு முன்னால் இருக்கும் மேசையில் என்ன கோப்பு வரும்? அந்தக் கோப்புக்குள் இருக்கும் பெண் யார்?

*

இராணுவத்துக்குள் சட்டம் எப்போது வந்தது என்று தேடினால் நம் ஊர்க் கடற்கரைக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமானது தேவனாம்பட்டினம். கம்பெனி ஒரு வணிக நிறுவனம். அதற்குப் படை வைத்துக்கொள்ளத் தெரிந்தது. ஆனால் அந்தப் படையாளைத் தூக்கில் போடவோ சுடவோ சட்ட உரிமை வேண்டுமே? 1754இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கம்பெனிப் படைக்கென்றே கலகத் தண்டனைச் சட்டம் ஒன்றை இயற்றியது. கலகம் செய்பவனையும் ஓடிப்போகிறவனையும் இராணுவ மன்றத்தில் நிறுத்தலாம். அந்த மன்றத்துக்குச் சட்டம் சொல்ல ஓர் அதிகாரி தேவை. படைச் சட்டத்தரணி என்ற மனிதர் இப்படித்தான் நம் மண்ணுக்கு வந்தார். முதலில் அவர் வேலை படைக்குள்ளே ஒழுங்கு காப்பது.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வேலை படைக்கு வெளியே நீண்டது. 1857இல் வடக்கே கிளர்ச்சி எழுந்ததும் கம்பெனி அரசு சில வாரங்களுக்குள் சட்டங்களை அடுக்கியது. அவ்வாண்டின் 11ஆம் சட்டமும் 14ஆம் சட்டமும் கிளர்ச்சிக் குற்றங்களை விரைந்து விசாரித்துத் தண்டிக்க வழி செய்தன. மேல்முறையீடு கிடையாது. மரத்தடியில் நடந்த தூக்குகளுக்கும் ஏதோ ஒரு தாள் இருந்தது. அந்தத் தாள்களின் நிழலில் அலகாபாத்திலும் கான்பூரிலும் வெறியாட்டம் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நீல். சென்னைப் படைப்பிரிவின் தளபதி. பிடிபட்டவர்களைத் தூக்கில் போடுவதற்கு முன் இரத்தக் கறையைச் சுத்தம் செய்ய வைத்து அவமதிக்க ஆணையிட்டவர்.

அடுத்த ஆண்டு டெல்லிச் செங்கோட்டையில், தன் சொந்த அரண்மனையிலேயே, முதியவர் பகதூர் ஷா கைதியாக உட்காரவைக்கப்பட்டார். 1858 ஜனவரி 27 தொடங்கி மார்ச் 9 வரை இராணுவ ஆணையம் விசாரித்தது. அரசுத் தரப்பில் வழக்கை நடத்தியவர் மேஜர் ஹாரியட், துணை ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல். என் மாணவி விண்ணப்பித்திருக்கும் அதே துறையின் மூதாதை. கம்பெனியே முகலாயப் பேரரசரின் பெயரால் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்தது. அப்படியிருக்க, பேரரசர் கம்பெனிக்கு எதிராகத் துரோகம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. யார் யாருக்கு எதிராகக் கலகம் செய்தது என்ற கேள்வியைக் கேட்க அந்த மண்டபத்தில் இடமில்லை. பேரரசரோடு ரங்கூனுக்கு நாடு கடந்து போன பேகம் ஜீனத் மகலிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது. அதில் சிறை சென்ற ஒரு பெண் கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள். சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் கூடவே அழைத்துப் போனார். இருவரும் சிறை கண்டார்கள். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார். 1937இல் ராஜாஜி அரசு சிலையை எடுத்தது. அதே ஆண்டுத் தேர்தலில் அஞ்சலையம்மாள் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பள்ளிப் பாடத்தில் இதை வீரம் என்று படித்தோம். இப்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. வடக்கே, எழுபது ஆண்டுகளுக்கு முன், தான் பார்த்தேயிராத ஊர்களில், சட்டத்தின் பெயரால் கொல்லப்பட்டவர்களின் வழக்கை ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் தெருவில் மறுபடி எடுத்தாள். மேல்முறையீடே இல்லை என்று முடித்த வழக்கு அது.

*

1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ஒடுக்க வைசிராய் லின்லித்கோ ஆயுதப்படைகள் சிறப்பு அதிகார அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அதன்படி சுடச் சொல்லும் அதிகாரம் கேப்டன் பதவிக்குக் கீழே இறங்காது. 1958இல் சுதந்திர இந்தியா வடகிழக்கின் நாகர் பகுதிகளுக்காக அதே பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. இதில் அதிகாரம் ஆணை பெறாத அலுவலர் வரைக்கும், அதாவது ஹவில்தார், நாயக் வரைக்கும் இறங்கியது. வெள்ளைக்காரன் கொடுக்கத் தயங்கியதை நாம் கொடுத்தோம்.

அந்தச் சட்டம் சிறியது. ஒரு மாணவி ஒரு பேருந்துப் பயணத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் வருவதற்குள், படித்து முடித்துவிடலாம். மூன்றாம் பிரிவு: அரசு ஒரு பகுதியைக் 'கலவரப் பகுதி' என அறிவிக்கலாம். நான்காம் பிரிவு: அங்கே சட்ட ஒழுங்குக்கு எதிராக நடப்பவர் மீது, அவசியம் என்று அந்த அலுவலர் கருதினால், உயிர் போகும் அளவுக்குச் சுடலாம். ஐந்தாம் பிரிவு: பிடிபட்டவரைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆறாம் பிரிவு: இந்தச் சட்டத்தின்படி செய்த எதற்கும் மத்திய அரசின் முன்அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது.

மூன்றாம் பிரிவைப் படித்தபோது குண்டு உப்பலவாடி நினைவுக்கு வந்தது. இப்போது பீரங்கி சுட வேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும். எல்லைக்குள் இருப்பவர்கள் வேறொரு சட்டத்தின் குடிகள்.

இராணுவச் சட்ட அதிகாரியின் வேலை இங்கேதான். அவர் துப்பாக்கி தூக்குவதில்லை, என் மாணவி சொன்னது சரி. நடவடிக்கைக்கு முன் எது செய்யலாம் எது கூடாது என்று தளபதிக்குச் சொல்கிறார். ஏதேனும் தவறு நடந்தால் விசாரணை மன்றத்துக்கும், பிறகு சாட்சியச் சுருக்கம் தயாரிப்பதற்கும் சட்டம் சொல்கிறார். உயர் நீதிமன்றத்தில் யாராவது மனுப் போட்டால் பதில் உறுதிமொழி அவர் மேசையைத் தொட்டுத்தான் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தேர்வு இருக்கிறது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 125ஆம் பிரிவுப்படி, ஒரே குற்றத்தைச் சாதாரண நீதிமன்றமும் விசாரிக்கலாம், இராணுவ நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்றால், எங்கே நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் தளபதி. அவருக்கு அந்த ஆலோசனையைச் சொல்பவர் சட்ட அதிகாரி.

கொலையும் பாலியல் வன்புணர்வும் பொதுமக்களில் ஒருவருக்கு இழைக்கப்பட்டால் இராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது 70ஆம் பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது. அதே பிரிவில் விதிவிலக்கும் இருக்கிறது: 'போர்ப்பணி'யில் இருக்கும்போது என்றால் விசாரிக்கலாம். போர்ப்பணி என்றால் எதிரிக்கு எதிரான பணி. எதிரி யார்? மூன்றாம் பிரிவில் வரையறை இருக்கிறது. ஆயுதம் ஏந்திய கலகக்காரரும் கலவரக்காரரும் கூட எதிரிகள்தான். இப்படி ஒரு சொல் இன்னொரு சொல்லைத் திறக்க, அது மூன்றாவதைத் திறக்க, இறுதியில் ஒரு கிராமத்துப் பெண்ணின் வழக்கு, அவளைச் சீரழித்தவனின் மேலதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குப் போய்ச் சேர்கிறது. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இது புரியாத வித்தை இல்லை. சொற்களின் பொருளை யார் வரையறுக்கிறார்களோ அவர்களுக்கே வாக்கியம் சொந்தம்.

*

2004 ஜூலையில் நான் ஆய்வு மாணவி. மணிப்பூர்த் தாய்மார்கள் பன்னிரண்டு பேர் இம்பாலின் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்ற படம் பத்திரிகையில் வந்தது. விடுதியில் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதோம். நான் ஒரு கவிதை எழுதினேன். சிற்றிதழில் வந்தது. பலரும் பாராட்டினார்கள்.

அவர்கள் எதற்காக நின்றார்கள் என்று தெரியும். தங்ஜம் மனோரமா என்ற பெண்ணுக்காக. ஆனால் அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று நான் தேடிப் படித்ததில்லை. இந்த ஒரு வாரத்தில்தான் படித்தேன். என் கவிதையை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஜூலை 10 நள்ளிரவில் அசாம் ரைபிள்ஸ் படையினர் அவரை வீட்டிலிருந்து பிடித்தார்கள். கைது செய்ததற்கான குறிப்பை எழுதிக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டே கூட்டிப்போனார்கள். மறுநாள் காலையில் குண்டுக் காயங்களோடு உடல் கிடைத்தது. தப்பி ஓடியபோது சுட்டோம் என்றார்கள்.

அந்தக் கைதுக் குறிப்பு எங்கிருந்து வந்தது? 1997 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கூடவே, இராணுவமே தயாரித்து வைத்திருந்த 'செய்ய வேண்டியவை, கூடாதவை' என்ற பட்டியலைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றது. கலவரப் பகுதி அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. பெண்களைப் பெண் காவலர் இல்லாமல் கைது செய்யக் கூடாது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் கவனமாக எழுதிய பட்டியல். அன்றிரவு பெண் காவலர் யாரும் உடன் இல்லை. குறிப்பு எழுதுகிற விதி காப்பாற்றப்பட்டது. பெண்ணைக் காக்கிற விதி காப்பாற்றப்படவில்லை.

மணிப்பூர் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி உபேந்திர சிங் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அசாம் ரைபிள்ஸ் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. மாநில அரசுக்கு மத்தியப் படையை விசாரிக்க அதிகாரம் உண்டா என்பது வாதம். ஆணையம் 2004இலேயே அறிக்கை கொடுத்தும் அது பத்தாண்டு பூட்டிக் கிடந்தது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாகப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. சுட்டவர் யார் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தப் பத்து ஆண்டும் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. அதிகார வரம்பு, முன்அனுமதி, பணி நிமித்தம் என்ற சொற்கள்தான் வாயிலில் காவல் நின்றன.

முன்அனுமதி எவ்வளவு முறை கிடைக்கும்? ஜம்மு காஷ்மீர் அரசு 2001 முதல் அனுப்பிய 50 கோரிக்கைகளில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் உள்ளன என்று 2018 ஜனவரியில் மாநிலங்களவையில் அரசே சொன்னது. 2000இல் பத்ரிபலில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் எந்த மன்றம் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை இராணுவத்திடம் விட்டது. இராணுவம் வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, 2014இல் போதிய ஆதாரம் இல்லை என்று மூடியது. எல்லா நேரமும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 2010இல் மச்சிலில் மூன்று பேரைக் கொன்ற வழக்கில் இராணுவ நீதிமன்றமே ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது.

2013இல் நீதிபதி வர்மா குழு, பாலியல் வன்முறை செய்த படையினரைச் சாதாரணச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும், அதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு வந்த திருத்தம், பாலியல் குற்றம் செய்யும் அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர முன்அனுமதி வேண்டாம் என்றது. சிறப்பு அதிகாரச் சட்டத்தின் ஆறாம் பிரிவை மட்டும் தொடவில்லை.

*

சிலப்பதிகாரத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். பாண்டியன் விசாரணை இல்லாமல் ஓர் ஆணையிட்டான், காவலன் கோவலனை வெட்டினான். அதுவரைக்கும் எல்லா நாட்டுக் கதையும்தான். கண்ணகி மதுரையை எரித்ததையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். இந்த முறை எனக்கு வாயிலோன் பெரிதாகத் தெரிந்தான். தலைவிரி கோலமாய், கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கும் பெண்ணைப் பற்றி உள்ளே போய்ச் சொன்னான். அரசன் வரச் சொன்னான். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை வரவழைத்து அவள் முன் வைத்தான், அவள் அதை உடைத்துக் காட்டினாள். கண்ணகிக்கு வாயில் திறந்தது. மனோரமாவின் தாய்க்கு அந்த வாயில் திறக்க மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும்.

வாயில் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் கதைகள் உண்டு. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 19 ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. நம் மாவட்டத்திலேயே 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன ராஜாகண்ணுவைத் தேடி அவர் மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். ஜெய் பீம் பார்த்த என் மாணவிகளுக்கு மீதிக் கதை தெரியும். சட்டம் அவர்களுக்குக் கருணை காட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் நடக்க வைத்தது. ஆனால் நடந்து போய்ச் சேர ஒரு நீதிமன்றம் இருந்தது.

கடலுக்கு அப்பாலும் ஒரு வாயில் ஒருமுறை திறந்தது. 1996 செப்டம்பர் 7 அன்று யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி வேதியியல் தேர்வு எழுதிவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பியபோது செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப் போன அம்மாவும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரும் புதைகுழியில் கிடைத்தார்கள். 1983இலேயே, மரண விசாரணை இல்லாமல் உடலை அப்புறப்படுத்தலாம் என்று அவசரகால விதி 15ஏ போட்டிருந்த நாடு அது. என்றாலும் இந்த வழக்கு இராணுவ மன்றத்துக்குப் போகாமல் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் நடந்தது. அரசுத் தரப்பில் வழக்கை நடத்திய பிரசாந்தி மகிந்தரத்ன ஒரு பெண். 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் நின்ற சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் இன்னும் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். 2025இல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு பெண்ணின் வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடந்ததால்தான் அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று முதன்முதலில் உரக்கச் சொல்லப்பட்டது. மூடிய அறையில் அந்த வாக்குமூலம் ஒரு கோப்பின் பக்கமாகி இருந்திருக்கும்.

மணிப்பூரிலும் கடைசியில் கோப்பைத் திறந்தவர்கள் பெண்கள்தான். கணவர்களைப் பறிகொடுத்த இளம்பெண்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். பட்டியல் எழுதினார்கள். 1,528 பெயர்களோடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான ஆணையம் மாதிரிக்கு ஆறு வழக்குகளை எடுத்துப் பார்த்தது. ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை. கொல்லப்பட்டவர்களில் ஒருவன் 12 வயதுப் பையன். 2016 ஜூலை 8 அன்று நீதிமன்றம், கலவரப் பகுதி என்பதாலேயே படையினருக்கு முழு விலக்கு கிடையாது என்றது. எழுபது ஆண்டுப் பழைய வழக்கைத் தெருவில் எடுத்த அஞ்சலையம்மாளின் கூட்டாளிகளாகவே இவர்களை நான் பார்க்கிறேன்.

*

ஒரு வாரம் கழித்து மாணவி வந்தாள். நான் படித்ததை எல்லாம் சொன்னேன். சிறப்பு அதிகாரச் சட்டத்தையும் இராணுவச் சட்டத்தின் சில பக்கங்களையும் அச்செடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப போக வேண்டாம்னு சொல்றீங்களாம்மா?"

"அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லடா. உங்க அம்மா கருவாட்டுக் கூடை சுமக்குறாங்க. நான் சுமக்கல. ஆனா உன் மேசைக்கு ஒரு கோப்பு வரும். அதுல ஒரு பொண்ணு இருப்பா. அவ பேரு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னால் முழு மனதோடும் போட முடியவில்லை, போடாமலும் இருக்க முடியவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து அந்த அச்சுத் தாள்களோடு மறுபடி வந்தாள். இராணுவ விதிகளையும் தானே தேடிப் படித்திருந்தாள். இராணுவ நீதிமன்றத்தில் சட்ட அதிகாரிக்கு வாக்கு இல்லை. சட்டம் எது என்று சொல்லலாம், தீர்ப்பு மற்ற அதிகாரிகளுடையது. அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தாள். அதைக் காட்டி வருத்தப்படப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த விதியைக் காட்டினாள். சட்ட அதிகாரி சொன்ன ஆலோசனை, அவர் விரும்பினால், நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யப்பட வேண்டும்.

"விரும்பினால்னு போட்டிருக்கும்மா" என்றாள்.

"விரும்புவியா?"

பதில் சொல்லவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடலூர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தாள்.